தேயிலைக்கு ரயில், கூலிக்கு ஒற்றையடிப் பாதை

பழனி மலைக்குப் போய்வந்த நேயர்கள் அங்கு ஓடும் இழுவை ரயிலை அறிவார்கள். 1966-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய அந்த வண்டி, என்ஜின் என்று ஒன்றைத் தன்னுடன் சுமந்து செல்வதில்லை. நிலையாகப் பொருத்தப்பட்ட யந்திரம் இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்க, தண்டவாளத்தின்மேல் பெட்டி ஏறுகிறது; படியேற மாட்டாத முதியவரும் கைக்குழந்தைக்காரியும் ஆண்டவன் சந்நிதியை அடைகிறார்கள். கயிற்றைக் கொண்டு மலையை வெல்லும் இவ்வித்தை நம் பக்கத்துக்கு அப்பொழுதுதான் வந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை அவ்வாறன்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நமது கரிசல் சீமைக்கு வடமேற்கே, போடிநாயக்கனூருக்கு மேல் எழும்பி நிற்கும் மலையில், ஒரு சின்னஞ்சிறு ரயிலும் அந்த ரயிலின் முனையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கிய கம்பிவடப் பாதையும் சேர்ந்து வேலை செய்தன. அவற்றைக் கட்டியவர்கள் ஆண்டவனுக்காகவும் கட்டவில்லை, அடியாருக்காகவும் கட்டவில்லை. தேயிலைக்காகக் கட்டினார்கள்.

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாகக் குண்டளைப் பள்ளத்தாக்கைக் கடந்து, மலையின் கிழக்கு விளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் வரையில் அது ஓடிற்று. அவ்விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்குக் குறையாத உயரம். அங்கு நின்று கீழே நோக்கினால் தேனி ஜில்லாவின் சமவெளி ஒரு பாயை விரித்ததுபோல் கிடக்கும். அவ்விடத்தில் ரயில் நின்றுவிடும். அதற்கு அப்பால் செல்லத் தண்டவாளத்துக்கு இடமில்லை. மூணாறிலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் ஆகாச மார்க்கமாக இறங்கிக் கொட்டகுடியை அடையும். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன். கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். கம்பி போய்விட்டது; ரயிலும் போய்விட்டது. பெயர்கள் மாத்திரம் மலைவாசிகளின் நாவில் இன்றும் தங்கியிருக்கின்றன. சென்ட்ரல் ஸ்டேஷன் என்றவுடன் சென்னைப் பட்டணத்தை நினைத்துக்கொண்டு குரங்கணிக் காட்டில் திகைத்து நிற்கிற பிரயாணிகள் இருக்கத்தான் செய்வார்கள்!

இந்த விசித்திர ஏற்பாடு எதற்காக உண்டாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அம்மலைகளில் வழி தெரிந்தவர்கள் முதுவர்கள். தாங்கள் மதுரையிலிருந்து முதுகில் சுமைகளுடன் மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் குலக்கதையைச் சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். காப்பியும் சிங்கோனாவும் முதலில் பயிரிடப்பட்டன. பிறகு தேயிலை அவற்றைத் தள்ளி இடம் பிடித்துக்கொண்டது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது. ஸ்காட்லாந்தின் பின்லே வியாபார ஸ்தாபனத்தார் அதற்குப் பின்னணியில் இருந்தார்கள். பூமி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், மூலதனம் சீமையில், உழைப்பு பாண்டி நாட்டில். இம்மூன்றையும் இணைக்க ஒரு பாதை வேண்டியிருந்தது. மேற்கே கொச்சியை நோக்கி இறங்குவது பெருங்காடும் பேராறும் குறுக்கிட்ட காரியம். கிழக்கே மலை செங்குத்தாக இருந்தாலும் தூரம் குறைவு. அடிவாரத்தில் வண்டிப் பாதை உண்டு. வண்டிப் பாதையின் மறுமுனையில் ரயில் உண்டு. ஆகவே கம்பெனியார் கிழக்கு நோக்கினார்கள்.

முதலில், 1902-இல், அவர்கள் போட்டது இரட்டைத் தண்டவாளம் அன்று. ஒற்றைத் தண்டவாளம்! இதைக் கேட்டு நேயர்கள் நகைக்கவேண்டாம். யூயிங் என்பவர் கண்ட முறை அது. பாதையில் ஒரே ஒரு தண்டவாளம் பதித்து, வண்டியின் பாரத்தில் பெரும்பங்கை அதன்மேல் ஓடும் சிறு சக்கரங்கள் தாங்கும்படி செய்வார்கள். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கத்தில் நீட்டிய சட்டத்தில் ஒரு பெரிய சக்கரம் மாட்டி அதைத் தரையில் உருளவிடுவார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு பாரம் இரும்பின்மேல். மிச்சம் மாத்திரம் மண்ணின்மேல். இரும்பின்மேல் உருளும் பாரத்தை இழுக்கச் சிறிய பலமே போதும் என்பதால், சாதாரண மாடுகளே சாலையில் இழுக்க முடியாத சுமையை இதில் இழுத்துச் செல்லும். செலவோ பாதி; வளைவுகளில் திரும்புவதும் சுலபம். மலைப் பிரதேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான மலிவு வித்தை அக்காலத்தில் வேறில்லை.

பின்னர் 1907-இல் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானம் இதே முறையில் ஒரு ரயில் போட்டது. அது 1927 வரையில் ஓடிற்று. அதன் என்ஜின்களில் ஒன்று பழுது பார்க்கப்பட்டு டில்லி ரயில்வே மியூஸியத்தில் காக்கப்படுகிறது. நடமாடும் நிலையில் அதை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் வந்து அதைக் கண்டு ஆச்சரியப்படுகிறார்கள். பாட்டியாலாவுக்கு 5 ஆண்டுகள் முந்திய நமது மலையின் ஒற்றைத் தண்டவாளத்தைப் பற்றிக் கேட்பார் யாரும் இல்லை. மகாராஜா போட்ட ரயிலுக்கு மியூஸியம்; மாடும் மனிதனும் இழுத்த ரயிலுக்கு மறதி!

1908-இல் ஒற்றைத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 2 அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளம் இடப்பட்டது. சிறு நீராவி என்ஜின்கள் வந்தன. மூணாறில் ஸ்டேஷன் கட்டடம் எழுந்தது. தேயிலை தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் அடைபட்டு, ரயிலில் டாப் ஸ்டேஷன் சேர்ந்து, கம்பிவடத்தில் கொட்டகுடி இறங்கி, அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வண்டியில் போடிநாயக்கனூர் வந்தது. அக்காலத்தில் போடிக்கு ரயில் கிடையாது. ஆகையால் மாட்டு வண்டிகள் தேனி வழியாக அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே தென்னிந்திய ரயில்வேயில் ஏறித் தூத்துக்குடி சென்று, தூத்துக்குடியில் கப்பலேறி, சீமைத் துரைமாரின் கோப்பைக்குள் போய் விழுந்தது.

தூத்துக்குடி என்ற பெயர் வந்தவுடன் தேசாபிமானிகளுக்கு வேறொன்று நினைவுக்கு வராமலிராது. 1906-இல் அத்துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். மார்ச்சு மாதத்தில் சிறைப்பட்டார். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே 1908-இல்தான் குண்டளைப் பள்ளத்தாக்கில் புதுத் தண்டவாளம் பளபளத்தது. தமிழன் கடலில் ஒரு கப்பல் விட்டால் அது ராஜத்துரோகமாயிற்று. வெள்ளையன் மலையில் ஒரு ரயில் விட்டால் அது நாகரிகமாயிற்று. சட்டம் படித்த நமக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றளவும் புலப்படவில்லை.

சரக்கு போன வழியைச் சொன்னோம். மனிதர் போன வழி எது? தேயிலை பறிக்கவும், காடு திருத்தவும், ரயில் பாதை வெட்டவும், கம்பிவடத்துக்குக் கம்பம் நாட்டவும் மலையேறியவர்கள் நம்மவர்கள். சாத்தூர், சங்கரன்கோவில், கோவில்பட்டி, கயத்தாறு, சிவகாசி என்று மழை பொய்க்கும் ஊர்களாகப் பார்த்துக் கங்காணிகள் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த பஞ்சத்தின் ஞாபகம் ஜனங்களின் வயிற்றில் ஆறாமல் இருந்த காலம். கங்காணி கையில் முன்பணம் இருந்தது. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு நீங்கினால் அது சிவில் கடன் அன்று, கிரிமினல் குற்றம் என்று 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் சொல்லிற்று. திருவிதாங்கூரும் 1865-இல் அதையொத்த ரெகுலேஷன் ஒன்றை இயற்றிக்கொண்டது. ஒப்பந்தத்தை மீறும் முதலாளிக்கு வக்கீல் நோட்டீஸ். மீறும் தொழிலாளிக்கு வாரண்டு. இந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒழிய 1925-ஆம் ஆண்டில் தனி மசோதா வேண்டியிருந்தது.

அவ்வாறு பிடித்துச் செல்லப்பட்டவர்கள் போடி வரையில் வந்து, கொட்டகுடி, குரங்கணி வழியாக மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதையாக ஏறினார்கள். தலையில் சட்டி பானை, இடுப்பில் பிள்ளை, முன்னே கங்காணி. தலைக்கு மேலே கம்பிவடம் சென்றுகொண்டிருந்தது. இறங்கியது தேயிலைப் பெட்டி. ஏறியது அரிசி மூட்டையும் தளவாடமும். அந்த அரிசியை உண்ணப்போகிறவர்கள் கீழே நடந்து ஏறினார்கள். ரயிலும் கம்பிவடமும் பிரதானமாகச் சரக்குக்கென்றே ஏற்பட்டவை என்பதால், இதில் கம்பெனியார் விதி மீறிவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. விதியே அப்படி என்பதுதான் நாம் சொல்லுவது.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வந்தது. அந்த மாதத்தின் பெருமழையைத் தமிழ்நாட்டில் தஞ்சை, திருச்சி ஜில்லாக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காவிரி கரை புரண்டு செய்த நாசமே மேட்டூர் அணையை விரைந்து எழுப்பவேண்டிய அவசியத்தை உணர்த்திற்று. மலைக்கு மேற்கே மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று குறிப்பிடுகிறார்கள்; கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தது ஆகையால். மூணாறு என்பதே மூன்று ஆறுகள் கூடுமிடம். மூன்றும் ஒருசேரப் பொங்கின. மண் சரிந்தது, மலையே இடம் பெயர்ந்தது. பாலங்கள் போயின, தண்டவாளம் முறுக்கிய கம்பியாகக் கிடந்தது. 16 ஆண்டுகள் ஓடிய ரயில் சில நாட்களில் இல்லை என்றாயிற்று. திரும்ப அதைக் கட்டவில்லை. மேற்குச் சாலையைப் புதிதாக அமைத்தார்கள். 1935-இல் பெரியாற்றின்மேல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. மோட்டார் லாரி வந்துவிட்டது. கொச்சித் துறைமுகமும் வளர்ந்துவிட்டது. தேயிலைக்கு வேறு வழி கிடைத்ததும், கிழக்கு வழியை நினைப்பாரில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அதாவது மேலே ரயில் அழிந்து 4 ஆண்டுகளுக்குப் பிறகு! அதுவும் நிலைக்கவில்லை. 1942-இல் யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளம் கழற்றப்பட்டது. சுதந்திரம் வந்த பின் 1954-இல் மறுபடியும் வண்டி ஓடிற்று. 2010-இல் அகலப் பாதையாக்குவதற்கென்று நிறுத்தினார்கள். தேனி வரையில் 2022-இலும் போடி வரையில் 2023-இலும் ரயில் திரும்பி வந்தது. ஒரு மீட்டர் அகலத்தை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலாக்க 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ மந்திரிகள் வந்து போனார்கள்.

நமது சிவகாசியின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தும். 1922-இல் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். 1923-இல் தொழிற்சாலை தொடங்கிற்று. 1927-இல் விருதுநகர் – தென்காசி ரயில் வந்தது. மலை ரயில் அழிந்த அதே காலத்தில் கரிசல் ஜனங்கள் ஊரைவிட்டுப் போகாமல் கஞ்சி குடிக்க ஒரு வழி பிறந்தது. அந்த வழியில் இருந்த துன்பங்களும் சிறுவர் உழைப்பும் விபத்துக்களும் நாமறியாதன அல்ல. அவற்றைப் பற்றி இப்பத்தியில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனாலும் ரயில் இங்கே ஊர்ச் சொத்தாயிற்று. அதில் தீப்பெட்டியும் ஏறிற்று. தீப்பெட்டி ஒட்டியவளும் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு ஏறினாள்.

இனி மிச்சங்களைப் பற்றி. மூணாறில் ரயில்வே ஸ்டேஷனாக இருந்த கட்டடம் பின்பு தேயிலைக் கம்பெனியின் காரியாலயமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை மியூஸியத்தில் என்ஜின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ரயில் போன தடத்தில் சாலை போகிறது. சில இடங்களில் தேயிலைச் செடி மூடியிருக்கிறது. டாப் ஸ்டேஷனில் கம்பிவட நிலையத்தின் அஸ்திவாரங்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. கொட்டகுடிப் பக்கத்திலும் சிதைவுகள் உண்டு. அவற்றின்மேல் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்வோரில் எத்தனை பேர் அவை என்னவென்று அறிவார்கள்?

இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் எல்லைக்கோடு. ராஜ்யங்களைத் திருத்தியமைக்கும் பிரச்னை எழுந்தபோது, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதையும், நேசமணி முதலிய தலைவர்கள் சிறைப்பட்டதையும், 1954 ஆகஸ்டில் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததையும் நேயர்கள் அறிவார்கள். 1956-இல் அவ்விரு தாலுகாக்களும் கேரளத்துக்குச் சென்றன. அந்த வழக்கை இங்கே மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ள உத்தேசமில்லை. அதன் விளைவை மாத்திரம் சொல்கிறோம். ரயில் கேரளத்தில்; ரயிலின் முனையான டாப் ஸ்டேஷன் தேனி ஜில்லாவின் கொட்டகுடிப் பஞ்சாயத்தில்; அந்தத் தமிழ்நாட்டு மண்ணை மோட்டாரில் அடையக் கேரளத்து மூணாறு வழியாகத்தான் போகவேண்டும். ஒரே யந்திரத்தின் தலை ஒரு ராஜ்யத்திலும் உடல் மற்றொரு ராஜ்யத்திலும் கிடக்கிறபடியால், இரு சர்க்கார்களும் அது மற்றவருடையதென்று வாளாவிருக்கச் சௌகரியமாயிருக்கிறது.

மூணாறில் மீண்டும் ரயில் விடவேண்டுமென்ற பேச்சு கேரளத்தில் அவ்வப்போது எழுகிறது. உல்லாசப் பிரயாணிகளுக்கு அது நல்ல விருந்து என்கிறார்கள். ஆட்சேபம் சொல்லுவது நம் நோக்கமன்று. எனினும் ரயில் முதலில் போட்டபோது மறக்கப்பட்டவர்கள் மறுபடி போடும்போதும் மறக்கப்படலாகாது. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், கட்சிகளையும் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தாங்களாகவே தெருவில் உட்கார்ந்து போனஸ் கேட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. கொட்டகுடிப் பாதையில் மலையேறிய தலைமுறையின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தபோது நேர்ந்த சாவு அது. 1924-இல் தண்டவாளத்தைக் கொண்டுபோன அதே ஆடி மழை! தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்யவேண்டியவர்கள் அவர்கள். சொந்த மனை, சொந்த வீடு என்பது அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கை. பள்ளத்தாக்கில் பொம்மை ரயில் ஓட்ட நிலம் அளக்கப் போகிறவர்கள், அதே சங்கிலியைக் கொண்டு இவர்களுக்கும் நாலு சென்ட் அளந்து கொடுத்தால் என்ன?

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் பெருமை கொள்ள ஏதுமில்லை. போடி, தேனி, கம்பம் வட்டாரப் பெண்கள் இன்றும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அடைக்கப்பட்டுப் போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். நூறாண்டுக்கு முன் அரிசி மூட்டைக்குக் கிடைத்த வாகன வசதி, கணக்குப் பார்த்தால், இவர்களுக்குக் கிடைத்ததைவிட ஒழுங்கானது.

சிதைவுகளைக் காப்பது அப்படியொன்றும் செயற்கரிய செயலன்று. பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு மேலுள்ள மலைக்கு 1923-இல் ஏற்பட்ட கயிற்று ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சி யந்திரக் கோளாற்றால் தோற்றது. இரண்டாம் முயற்சி வென்றது. தமிழ்த் தொழிலாளர் உழைப்பு அதிலும் உண்டு. உச்சியில் முருகன் கோயிலும் உண்டு. 2010-இல் பழைய வண்டிகளை நிறுத்திப் புதியன விட்டபோது, பழைய பெட்டியை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மலேசியா செய்ததை நாம் செய்யலாகாதா?

சட்டத்தில் தடையொன்றும் இல்லை. 1958-ஆம் ஆண்டின் மத்திய புராதனச் சின்னங்கள் சட்டம், நூறாண்டுகளுக்குக் குறையாது நிலைத்த கட்டடமோ சிதைவோ பாதுகாப்புக்கு உரியது என்கிறது. 1908-இல் எழுந்த ஸ்டேஷனும், அக்காலத்துக் கம்பிவட அஸ்திவாரமும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ரயில் அழிந்ததற்கே 2024-இல் நூறாண்டு நிறைந்துவிட்டது. எல்லைக்கு இருபுறமும் கிடப்பதால் மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா இதில் நுழைவதே முறை. அதுவரையில் தமிழ்நாடு சர்க்கார் செய்யக்கூடியது, டாப் ஸ்டேஷனிலும் கொட்டகுடியிலும் அஸ்திவாரங்களை அளந்து வரைபடம் எழுதி, புதரை வெட்டி, சுற்றிலும் வேலி கட்டுவது. தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை நாட்டுவது. அப்பலகையில் மன்றோவின் பெயர் இருக்கட்டும். கம்பெனியின் பெயரும் இருக்கட்டும். எந்தெந்தத் தாலுகாக்களிலிருந்து ஜனங்கள் அவ்வழியே நடந்து ஏறினார்கள் என்பதும் அதில் எழுதப்படவேண்டும். தோட்டங்களின் பழைய ஆள்பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் படியெடுக்கும் பொறுப்பை மதுரைப் பல்கலைக் கழகத்தின் சரித்திரப் பகுதியார் மேற்கொள்ளலாம்.

நாள் அதிகமில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அம்மலைகளில் கடைசியாகப் பூத்தது 2018-இல். அடுத்து 2030-இல் பூக்கும். அப்போது டாப் ஸ்டேஷனில் கூடப்போகும் லட்சக்கணக்கான கால்கள் அந்த அஸ்திவாரக் கற்களின்மேல் ஏறி நிற்பதற்குள் வேலியும் பலகையும் நட்டாகவேண்டும்.